தோங்காவிலிருந்து பிஜிக்கு: சவுசவுவில் 19 நாள் கட்டிக்கிடந்த கதை

#1 பாகான்_டீசல்

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்டில் "கொஞ்ச நாள் கடலுக்குப் போகிறேன்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போனவன் நான்தான். வீடு வந்து நாலு நாள் ஆகிறது. குளிக்கும்போது இன்னும் தரை ஆடுகிறது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். வீட்டில் ஒரே சிரிப்பு.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் பட்டர்வொர்த் பக்கம் மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் எஞ்சின் பார்ப்பவன். மூன்று வருஷத்துக்கு முன் நியூசிலாந்துக் கணவன் மனைவி இருவர் தங்கள் பாய்மரப் படகைப் பினாங்கில் நிறுத்தியிருந்தார்கள். 41 அடி, ஒற்றைப் பாய்மரம். எஞ்சினில் எண்ணெய் கசிந்தது, போய்ப் பார்த்தேன், பழக்கமாகிவிட்டது. அப்புறம் அவர்கள் இந்தியப் பெருங்கடல், தென்னாப்பிரிக்கா, அட்லாண்டிக், பனாமா கால்வாய் என்று ஒரு சுற்று சுற்றிப் பசிபிக்குக்குள் வந்துவிட்டார்கள். தோங்காவிலிருந்து போன்: "எஞ்சின் இருமுகிறது, கை உதவிக்கும் ஆளில்லை, பிஜி வரை வருகிறாயா? டிக்கெட் எங்கள் செலவு." விடுவேனா?

கோலாலம்பூர், ஆக்லாந்து, நுக்குஅலோபா, அங்கிருந்து சின்ன விமானத்தில் தோங்காவின் வவாவு தீவு. அங்கே திமிங்கிலம் பார்த்தேன், படம் அப்புறம் போடுகிறேன். வவாவுவிலிருந்து பிஜியின் சவுசவு ஏறக்குறைய 400 கடல் மைல், மூன்று ராத்திரி. முதல் இரண்டு நாள் நான் வாளியோடு குடித்தனம் நடத்தினேன். முப்பது வருஷம் படகில் ஏறி இறங்கியவனுக்கு இது அவமானம்தான். ஆனால் நம்ம மலாக்கா நீரிணை அலை குட்டையாக வந்து சட்டென்று தட்டிவிட்டுப் போகும். பசிபிக் அலை அப்படியில்லை. மெதுவாகத் தூக்கி, மேலே கொஞ்சம் நிறுத்தி, பிறகு இறக்கும். வயிறு அந்த நிறுத்தத்தில்தான் கெடுகிறது.

மூன்றாம் ராத்திரி நனுக்கு என்கிற கடற்பாதை. இரண்டு பக்கமும் பவளப்பாறை. காற்று விழுந்துவிட்டது, எஞ்சினைப் போட்டோம். இருபது நிமிஷத்தில் சூட்டு மணி அடித்தது. அணைத்துவிட்டு, கிடைத்த கொஞ்சக் காற்றில் பாறையை விட்டு விலகியே மிதந்தோம். நான் கீழே படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பம்பைக் கழற்றினேன். கடல் தண்ணீரை உள்ளே இழுக்கிற அந்தப் பம்புக்குள் ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும், இம்பெல்லர். ஆறு இதழ். என் கைக்கு வந்ததில் இரண்டுதான் இருந்தன. பிய்ந்த நாலும் எங்கே? தண்ணீர் போகிற வழியில்தான் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கும். எஞ்சின் சூட்டைக் கடல் தண்ணீரால் ஆற்றுகிற ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைத் திறந்ததில் மூன்று துண்டு கிடைத்தது. நாலாவது இல்லை.

புது இம்பெல்லர் ஒன்று கைவசம் இருந்தது, போட்டேன். ஆனால் பம்பின் பேரிங் போய், சீல் வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. விடிந்ததும் மெதுவாக உருட்டிக்கொண்டு சவுசவுவுக்குள் போய், அங்கே மரினாவில் (காசு கொடுத்துப் படகு கட்டுகிற இடம்) கட்டினோம். மூன்று நாளில் கிளம்பலாம் என்று நினைத்த ஊரில் 19 நாள். கேள்வி இருந்தால் கேளுங்கள், தூக்கம் வரவில்லை.

#2 தண்ணிமலைத்தம்பி

அண்ணே, வாளியோடு குடித்தனம்! டீக்கடையில் உட்கார்ந்து படித்துச் சிரித்து, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

எனக்குச் சின்னக் கேள்விகள். தோங்கா தாண்டி பிஜி போனால் ஒரு நாள் கூடுமா குறையுமா? அப்புறம் அங்கே கவா என்று ஒன்று குடிப்பார்களாமே, சாராயமா? படகோடு போய் இறங்கினால் யார் பாஸ்போர்ட் பார்ப்பது?

#3 செந்தூல்காரன்

தப்பாக நினைக்க வேண்டாம். மரினா, யாட் எல்லாம் பணக்கார வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு. நம்ம ஆள் போய் எஞ்சினுக்குள் தலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இதில் பெருமை என்ன இருக்கிறது? சம்பளமாவது கொடுத்தார்களா?

#4 பாகான்_டீசல்

செந்தூல்காரரே, சம்பளம் வாங்கவில்லை, டிக்கெட்டும் சாப்பாடும் அவர்கள். சமையல் பாதி நாள் நான்தான். பணக்காரர்களா என்றால், அந்த அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ், அவர் தச்சர். வீட்டை விற்றுப் படகு வாங்கியிருக்கிறார்கள். ஊர் ஊருக்கு எந்த மார்க்கெட்டில் வெங்காயம் மலிவு என்று நோட்டில் எழுதி வைக்கிற பணக்காரர்கள். கோடீஸ்வரர் படகுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை சவுசவு மாதிரி ஓடைக்குள் வருவதில்லை.

தம்பி கேள்விக்கு வருகிறேன். சவுசவுவில் நுழையும்போது மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். "இன்னும் சோதனை முடியவில்லை, யாரும் இறங்கவில்லை" என்று அர்த்தம். சுகாதாரம், வெளிப் பூச்சி, நோய் வராமல் பார்க்கிற உயிர்ப்பாதுகாப்பு, சுங்கம், குடிநுழைவு என்று அதிகாரிகள் படகுக்கே வருகிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி உட்காரவைத்து டீ கொடுத்தோம். பழம், பச்சைக் காய்கறி எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். என் பெட்டியில் பெலாச்சான் (புளிக்கவைத்த இறால்) கட்டி இருந்தது, பினாங்கிலிருந்து கொண்டுபோனது. ஒரு அம்மா அதிகாரி பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். "இது சாப்பிடுகிற பொருளா?" ஆமாம் என்றேன். இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். உலகத்தில் எந்தப் பூச்சியும் இதற்குள் உயிரோடு இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ.

கவா சாராயம் இல்லை தம்பி. ஒரு செடியின் வேர். மிளகுக் குடும்பம், நம்ம வெற்றிலைக்குச் சொந்தக்காரன். இடித்து, தண்ணீரில் கரைத்து, பிழிந்து, சிரட்டையில் கொடுப்பார்கள். பார்க்கச் சேற்றுத் தண்ணீர், ருசி இடித்த வேப்பம்பட்டைக்குக் கொஞ்சம் மேலே. ஒரு தடவை கைதட்டி, "புலா" என்று சொல்லி, ஒரே மடக்கில் குடித்துவிட்டு மூன்று தடவை தட்ட வேண்டும். நாக்கும் உதடும் மரத்துப்போகும், பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி. தலை சுற்றாது, கால் மட்டும் எழுந்திருக்கச் சம்மதிக்காது. வெளித்தீவில் ஏதாவது கிராமத்துக்கு முன்னால் நங்கூரம் போட்டால் இந்த வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டுபோய் ஊர்த் தலைவர் முன் வைத்து அனுமதி கேட்பதுதான் மரியாதை. தொப்பியைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். சவுசவு மார்க்கெட்டிலேயே கட்டுக்கட்டாக விற்கிறார்கள்.

நாள் கணக்கு எனக்குச் சரியாகத் தெரியாது, கேப்டன் மணியைத் திருப்பினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

#5 மூன்றாம்_மேட்

நாள் மாறாது. 180ஆம் தீர்க்கரேகை பிஜியின் தவேவுனி தீவுக்குள்ளேயே போகிறது, அது உண்மை. ஆனால் தேதிக்கோட்டை வளைத்து தோங்கா, பிஜி இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். மணி மட்டும் ஒன்று குறையும். தோங்காவில் சாயங்காலம் 6 என்றால் பிஜியில் 5. நான் கப்பலில் இருந்த காலத்தில் புதுப் பையன்களை இதை வைத்தே மடக்குவோம்.

பாகான், நனுக்குவில் இரவில் எஞ்சின் இல்லாமல் மிதந்தேன் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். 1884ல் சிரியா என்ற கூலிக் கப்பல் கல்கத்தாவிலிருந்து பிஜிக்கு வந்து, தலைநகர் சுவாவுக்குப் பக்கத்தில் நசிலாய் பாறையில் ஏறி உடைந்தது. 59 பேர் செத்தார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். அந்தப் பக்கத்து வரைபடங்கள் பழைய அளவைகளை நம்பி வரைந்தவை. ஜிபிஎஸ் காட்டுகிற இடமும் பாறை இருக்கிற இடமும் சில இடங்களில் ஒத்துப்போகாது. அதனால்தான் வெயில் உச்சிக்கு வந்தபிறகு, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு ஆளை முன்பக்கம் நிறுத்திப் பாறைக்குள் நுழைவார்கள். தண்ணீர் பழுப்பாகத் தெரிந்தால் பாறை, வெளிர் பச்சை என்றால் மணல், கருநீலம் என்றால் ஆழம்.

இன்னொன்று. மரினாவில் கட்டுவதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? நங்கூரம் போட்டால் இலவசம். நான் ஒத்துக்கொள்ளாத விஷயம் இது.

#6 பாகான்_டீசல்

மேட் ஐயா, நன்றி. அந்தக் கதை அப்போதே தெரிந்திருந்தால் பம்பை இன்னும் வேகமாகக் கழற்றியிருப்பேன்.

நங்கூரம் விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வருகிறேன். சவுசவு ஓடை நீளமாக, ஊரை ஒட்டி, எதிரே ஒரு குட்டித் தீவோடு இருக்கிறது. ஓடைக்குள் மரினாக்காரர்கள் அடியில் கனமான பிடிப்பு இறக்கி, மேலே மிதவை விட்டிருக்கிறார்கள். நாம் மிதவையில் கட்டிக்கொள்ளலாம், மேடையோரம் கட்டுகிற பெர்த்தை விட ரொம்ப மலிவு. நங்கூரம் இலவசம்தான், ஆனால் எஞ்சின் பிரிந்து கிடக்கிற படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர்ந்தால் எதை வைத்து நிறுத்துவது? ராத்திரி காற்று திரும்புகிறபோது தூங்க முடிவதற்குத்தான் அந்தக் காசு. அதோடு குளிக்க நல்ல தண்ணீர், துணி துவைக்கிற இடம், பார்சல் வந்தால் வாங்கி வைக்க ஆள். பழைய கொப்பரைக் கிடங்கு ஒன்றைத்தான் அங்கே மரினாவாக மாற்றியிருக்கிறார்கள். நம்ம பினாங்கிலும் கொப்பரைக் கிடங்கு இருந்த கரைதானே. மரத்தூண்களைப் பார்த்ததும் வெல்ட் கீ ஞாபகம் வந்தது.

ஊரில் ஓர் அதிசயம்: வெந்நீர் ஊற்று. கடலோரத்திலேயே ஆவி பறக்கிறது. தண்ணீர் கொதிக்கிறது, சும்மா சூடு இல்லை. ஊர்ப் பெண்கள் மரவள்ளிக்கிழங்கைப் பாத்திரத்தில் போட்டு, ஊற்றுக்குள் இறக்கி, சாக்கால் மூடிவிட்டுக் கதை பேசுகிறார்கள். ஒரு அம்மா எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். என் பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளியே தின்று, கடைசி வரைக்கும் அதை வீட்டுக்குள் விடவில்லை. அங்கே தேங்காய்ப்பாலோடு சாப்பிட்டபோது பாட்டியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

19 நாள் எதனால் ஆனது? ஆக்லாந்திலிருந்து புதுப் பம்பு நாலே நாளில் பிஜி வந்துவிட்டது. ஆனால் அனுப்பியவர் பெட்டியின் மேல் "கடந்து செல்லும் படகு" என்றும் படகின் பெயரையும் எழுத மறந்துவிட்டார். எழுதியிருந்தால் தீர்வை இல்லாமல் கைக்கு வந்திருக்கும். எழுதாததால் பெட்டி நாடி என்கிற ஊரில் தூங்கியது. ஒரு கூரியர் அலுவலகத்துக்கு நான் தினமும் போன் செய்தேன். தினமும் ஒரே பதில், "நாளைக்கு". நம்ம ஊர் நாளைக்குத்தான் நீளம் என்று நினைத்தேன், பிஜி நாளை அதைவிட நீளம்.

#7 ரோஜா_சுங்கைஆரா

அண்ணன், வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இத்தனை எழுதினீர்கள், நான் எதிர்பார்த்தது மட்டும் வரவில்லை. பிஜியில் நம்மவர்களைப் பார்த்தீர்களா இல்லையா? சின்ன வயதில் பள்ளியில் மனப்பாடம் செய்த பாட்டில் பிஜித் தீவும் கரும்புத் தோட்டமும் வரும். அங்கே இன்னும் தமிழ் பேசுகிறார்களா?

#8 பாகான்_டீசல்

டீச்சர், அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் வெந்நீர் ஊற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பம்பு வரும்வரை சீலுக்கு ஏதாவது ஒட்டுப்போடலாம் என்று இரும்புக் கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பின்சுவரில் முருகன் படம், கீழே வாடாத பூ. நான் தமிழில் ஆரம்பித்தேன். அவர் இந்தியில் பதில் சொன்னார். எனக்கு இந்தி படப்பாட்டு அளவுக்குத்தான். பிறகு இரண்டு பேரும் ஆங்கிலத்துக்கு வந்தோம். அவர் பெயரின் கடைசியில் கவுண்டர் என்று இருக்கிறது. அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை: "நாங்கள் மதராசி." தமிழ் மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். வீட்டில் அவருடைய அம்மா, எண்பதுக்கு மேல். நான் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊரு?" என்றார். சுத்தமான தமிழ். "பினாங்கு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காத்திருந்தார். திரும்பவும், "எந்த ஊரு?" அப்போதுதான் புரிந்தது, அவர் பினாங்கைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊர் என்று கேட்கிறார். எனக்குத் தெரியாது டீச்சர். தாத்தா கெடாவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர், அவ்வளவுதான். அப்பாவுக்கும் தெரியாது. "தெரியலம்மா" என்றேன். அதற்கு மேல் அந்த அம்மாவிடமும் தமிழ் இல்லை, என்னிடமும் பதில் இல்லை.

மகன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் குடிபெயர்வுச் சீட்டின் நகல். சுவாவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாங்கியது. கப்பல் பெயர், வயது, அப்பா பெயர், சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா வட ஆற்காடு. உடம்பில் என்ன தழும்பு இருந்தது என்பது வரை எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன். அவர் தமிழ் படிக்கத் தெரியாத கையால் அந்தக் கிராமத்தின் பெயர்மேல் விரலை வைத்துக் காட்டினார். நான் அதைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை" என்றார். நாலு தடவை சொன்னேன்.

சாப்பாடு: சோறு, பருப்பு, மீன் குழம்பு, தொட்டுக்கொள்ள மாங்காய். குழம்பில் புளி கம்மி. மற்றபடி நம்ம வீடுதான்.

#9 செந்தூல்காரன்

சரி, முன்னால் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். எஞ்சினுக்குள் தலையை விட்டது வீண் போகவில்லை.

#10 ரோஜா_சுங்கைஆரா

அண்ணன், இரண்டு தடவை படித்தேன். என் பாட்டி ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறினேன் என்று சொல்வார். எந்த வருஷம், யாரோடு, எதுவும் கிடையாது. நம்ம ஆட்களுக்கு அந்த மாதிரி சீட்டு ஏன் இல்லை?

#11 மூன்றாம்_மேட்

டீச்சருக்கு: இரண்டும் வேறு வேறு ஏற்பாடு. பிஜிக்குப் போனவர்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் போனார்கள். அக்ரிமென்ட் என்ற சொல் வாயில் உருண்டு அங்கே "கிர்மிட்" ஆனது. 1879 முதல் 1916 வரை 60,000 பேருக்கு மேல். முதலில் கல்கத்தாவிலிருந்து மட்டும், 1903லிருந்துதான் சென்னையிலிருந்து. ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் என்பதால் ஆளுக்கு ஒரு சீட்டு. மலாயாவிலும் ஆரம்பத்தில் ஒப்பந்தக் கூலி இருந்தது, 1910ல் நிறுத்தினார்கள். அப்புறம் பெரும்பாலும் கங்காணி முறை. தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி தன் ஊருக்கே போய்ச் சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வருவார். 1938 வரை இப்படி நடந்தது. ஊர் எது என்று கங்காணிக்குத் தெரியும், அதைத் தனித்தனியாக யார் எழுதுவது? கங்காணி செத்தார், கணக்கும் போயிற்று.

ஆனால் கூட்டம் கூட்டமாக ஒரே ஊர்க்காரர்களாக வந்ததால் மொழி தப்பித்தது. பிஜியில் போஜ்புரி, அவதி பேசுகிறவர்களுக்கு நடுவில், பின்னால் வந்த சிறுபான்மையாக மாட்டிக்கொண்டார்கள் நம்மவர்கள். தோட்டத்துப் பொதுமொழி ஏற்கெனவே இந்தி ஆகிவிட்டது. இங்கே 500க்கு மேல் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அங்கே 1926ல் நாடியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் ஆரம்பித்துப் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறார்கள், தமிழும் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறார்கள். வீட்டில் பேசாத மொழியைப் பள்ளி எவ்வளவு தூக்கும்?

இன்னொரு ஒற்றுமை. பிஜிக்குப் போனவர்களைச் சுவாவுக்கு எதிரே நுக்குலாவு தீவில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். நமக்குப் புலாவ் ஜெரெஜாக். பாலத்தில் போகும்போதெல்லாம் தெரிகிற தீவு, நம்மில் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறோம்?

#12 தண்ணிமலைத்தம்பி

நான் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறேன், தினமும் பார்க்கிறேன். சும்மா காடு என்று நினைத்திருந்தேன்.

அண்ணே, கதை சவுசவுவோடு முடிந்ததா? படகு இப்போது எங்கே? புயல் காலம் வருகிறதே.

#13 பாகான்_டீசல்

பம்பு பதினேழாம் நாள் வந்தது. மாட்ட நாலு மணி நேரம். கடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து போல்ட் எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் இரண்டு நாள், ப்ளை வாட்டர் என்கிற பகுதி வழியாக மேற்கே. 1789ல் பவுன்டி கப்பலில் கலகம் செய்து இறக்கிவிட்ட கேப்டன் ப்ளை, திறந்த படகில் இதே வழியாகத்தான் தப்பிப் போனார். பகலில் மட்டும் ஓட்டினோம், மேட் ஐயா சொன்ன மாதிரி பழுப்பு, பச்சை, நீலம் பார்த்துக்கொண்டே. முன்பக்கம் நின்றது நான். இந்தத் தடவை வாளி தேவைப்படவில்லை.

முடித்த இடம் வுண்டா மரினா. நாடிக்கும் லவுத்தோக்காவுக்கும் நடுவில். பாறையை வெட்டிய ஒடுக்கமான வாய்க்கால் வழியாக உள்ளே போனால் கிணறு மாதிரி வட்டமான குளம். படகுகள் மூக்கையோ வாலையோ கரையில் கட்டிக்கொண்டு, சுற்றிலும் மாட்டு வண்டிச் சக்கரத்து ஆரங்கள் போல நிற்கின்றன. அங்கே புயலுக்காகத் தரையில் குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். படகைத் தூக்கி, அடிக்கட்டையைக் குழிக்குள் இறக்கி, உடம்பைப் பழைய லாரி டயர்மேல் உட்காரவைத்து, வார் போட்டு நிலத்தோடு இழுத்துக் கட்டிவிடுவார்கள். சாய்வதற்கு உயரமே இல்லை. 2016ல் வின்ஸ்டன் புயல் பிஜியில் 44 பேரைக் கொன்றது. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை குழியில் இறக்கவில்லை என்றால் காப்பீட்டுக்காரர்களே ஒத்துக்கொள்வதில்லையாம். எங்கள் படகும் இப்போது குழியில். அவர்கள் விமானத்தில் ஊருக்குப் போய்விட்டார்கள்.

நான் கிளம்பும் முன் நாடியில் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போனேன். 1994ல் கட்டியது, கோபுரம் நம்ம கண்ணுக்குப் பழக்கமான வண்ணம். நம்ம பினாங்குத் தண்ணிமலை முருகன் கோயில் மாதிரி ஐந்நூறு படி ஏற வேண்டாம், கடைத்தெரு முடிகிற இடத்தில் சமதரையில் இருக்கிறது. அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார்கள். ஊரைக் கேட்கவில்லை, தப்பித்தேன்.

#14 மூன்றாம்_மேட்

குழி நல்ல ஏற்பாடு. பினாங்கு 5 பாகை வடக்கில் இருப்பதால் நமக்குப் புயல் பயம் கிட்டத்தட்ட இல்லை. விடியற்காலை சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று அடிக்கிற சுமத்ராக் காற்றோடு சரி. ஆனால் "பூமத்திய ரேகைப் பக்கம் புயலே வராது" என்று யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: 2001 டிசம்பரில் வாமெய், ஜொகூர். வந்தது.

நங்கூரம் விஷயத்தில் தோல்வியை ஒத்துக்கொள்ள மாட்டேன், ஆனால் எஞ்சின் இல்லாத படகுக்கு விதிவிலக்குக் கொடுக்கிறேன்.

#15 ரோஜா_சுங்கைஆரா

அண்ணன், கெடாவில் எந்தத் தோட்டம்? தனிமடலில் சொல்லுங்கள். அந்தப் பக்கத்துப் பழைய பெரியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். ஒரே கங்காணி கூட்டி வந்தவர்கள் யாராவது மிச்சம் இருந்தால் ஊர்ப் பெயர் கிடைக்கலாம்.

#16 பாகான்_டீசல்

அனுப்பிவிட்டேன் டீச்சர். கிடைத்தால் முதல் போன் சவுசவுவுக்கு. அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்.

#17 தண்ணிமலைத்தம்பி

எல்லாரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அந்த நாலாவது ரப்பர் துண்டு?

#18 பாகான்_டீசல்

படகைக் குழியில் இறக்கியபிறகு புகைக்குழாய் முழங்கையைக் கழற்றினேன், கடல் தண்ணீர் புகையோடு கலக்கிற வாயில் உட்கார்ந்திருந்தது. சுண்டு விரல் நகம் அளவு. இப்போது என் கருவிப்பெட்டியில் இருக்கிறது. படம் நாளைக்குப் போடுகிறேன். பிஜி நாளைக்கு இல்லை, நிஜமான நாளைக்கு.